சந்திர ராசி: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறிப்பு (சாதகம்) எழுதுவிக்கவும் பொருத்தம் பார்க்கவும் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்கு வரும் இடங்களைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். பிழை விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

"என்ன ராசி?" என்று கேட்டால் எதைச் சொல்வது?

நீங்கள் பிறந்த நேரத்தில் சந்திரன் எந்த ராசியில் நின்றாரோ அதுதான் உங்கள் ராசி. கிரகங்கள் போய்வரும் வான்பாதையை 360 பாகையாக வைத்து, 30 பாகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பங்கு போட்டிருக்கிறார்கள்: மேடம், இடபம், மிதுனம், கர்க்கடகம், சிங்கம், கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு, மகரம், கும்பம், மீனம். சந்திரன் ஏறத்தாழ 27 நாளும் 8 மணித்தியாலமும் எடுத்து இந்தப் பன்னிரண்டையும் ஒரு சுற்று வருகிறார். ஆகவே ஒரு ராசியில் இரண்டே கால் நாள் நிற்பார்.

அதே பாதையை 27 பங்கு போட்டால் நட்சத்திரம். ஒன்றுக்கு 13 பாகை 20 கலை, சந்திரனுக்கு ஏறக்குறைய ஒரு நாள் நடை. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நாலு பாதம், மொத்தம் 108 பாதம், ராசிக்கு ஒன்பது.

லக்கினம் இதிலிருந்து வேறு. பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானில் உதயமாகிக்கொண்டிருந்த ராசி அது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாறும். ஒரே நாளில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ராசி ஒன்றாகவே இருக்கும். லக்கினம் பன்னிரண்டும் வரலாம்.

என் மகள் தன்னை "லியோ" என்கிறாள். குறிப்பில் மகர ராசி என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் அதனதன் கணக்கில் சரி. லியோ என்பது மேல்நாட்டு முறைப்படி சூரியன் நின்ற இடம். அதற்குப் பிறந்த திகதி மட்டும் போதும். நேரம் வேண்டாம், ஊரும் வேண்டாம். மகர ராசி என்பது சந்திரன் நின்ற இடம். ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது.

சூரியனின் இடத்திலும் இரண்டு முறைக்கும் ஒற்றுமை இல்லை. மேல்நாட்டார் மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகும் புள்ளியிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். நாங்கள் நட்சத்திரங்களை ஆதாரமாக வைத்து எண்ணுகிறோம். இரண்டு தொடக்கப் புள்ளிகளுக்கும் இடையே இப்போது ஏறத்தாழ 24 பாகை. இதைத்தான் அயனாம்சம் என்கிறோம். மே முதலாம் திகதி பிறந்தவரின் சூரியன் அவர்கள் கணக்கில் இடபத்தில் நிற்கும். எங்களுக்கு அது சித்திரை மாதம், சூரியன் இன்னும் மேடத்தில்.

அம்பாறையில் கந்தோரில் வேலை செய்கிற ஆட்களுக்கு மூன்றாவது குழப்பமும் உண்டு. சிங்களப் பத்திரிகைகளில் கிழமைப் பலன் லக்கினத்துக்கே எழுதப்படுகிறது. சிங்கள நண்பர் "கடக லக்கினம்" என்று தன்னைச் சொல்வார். நீங்கள் அதை ராசியாக எடுத்து, அவருடைய பலனை உங்கள் ராசிக்கு வாசித்துவிடுவீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் வருவது சந்திர ராசிக்கு. ஆங்கிலப் பத்திரிகையில் வருவது சூரிய ராசிக்கு.

நட்சத்திரம் தெரியும், ராசி தெரியாது. கண்டுபிடிக்கலாமா?

18 நட்சத்திரங்களுக்கு உடனே சொல்லலாம், ஏனென்றால் அவை முழுதாக ஒரே ராசிக்குள் இருக்கின்றன. ரோகிணி என்றால் இடபம். பூசம் என்றால் கர்க்கடகம். சுவாதி துலாம், கேட்டை விருச்சிகம், சதயம் கும்பம், ரேவதி மீனம்.

மிச்சம் 9 நட்சத்திரங்கள் இரண்டு ராசியில் கால் வைத்து நிற்கின்றன. அவற்றுக்குப் பாதம் தெரிய வேண்டும். கார்த்திகை 1ஆம் பாதம் மேடம், மற்ற மூன்றும் இடபம். உத்தரம் 1 சிங்கம், மற்றவை கன்னி. உத்தராடம் 1 தனுசு, மற்றவை மகரம். மிருகசீரிடம் பாதிக்குப் பாதி இடபமும் மிதுனமும். சித்திரை பாதி கன்னி, பாதி துலாம். அவிட்டம் பாதி மகரம், பாதி கும்பம். புனர்பூசத்தில் முதல் மூன்று பாதம் மிதுனம், கடைசிப் பாதம் கர்க்கடகம். விசாகத்தில் மூன்று துலாம், ஒன்று விருச்சிகம். பூரட்டாதியில் மூன்று கும்பம், ஒன்று மீனம்.

"விசாகம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு நான் ராசி சொல்வதில்லை. பாதம் தெரியாமல் சொன்னால் நாலில் ஒருவருக்குப் பிழைக்கும்.

குறிப்பு எங்களிடம் இல்லை. திருவிழா நேரம் பிறந்தவர் என்று மட்டும் தெரியும். ராசியைப் பிடிக்கலாமா?

கிழக்கில் இது நிறையப் பேருடைய நிலைமை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு போன குறிப்புகள் உண்டு. 1990இல் இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. 2004இல் கடல் கொண்டுபோனது இன்னும் அதிகம். ஓலையாக இருந்தாலும் கொப்பியாக இருந்தாலும் ஒரு பிரதிதான் இருந்திருக்கும்.

திதியை வைத்து நடக்கும் திருவிழா என்றால் வழி உண்டு. அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் ஒரே இடத்தில் நிற்பார்கள். தமிழ் மாதம் என்பது சூரியன் நிற்கும் ராசி. ஆடி மாதம் சூரியன் கர்க்கடகத்தில் இருப்பதால், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலிலும் திருக்கோவில் ஊர் முருகன் கோயிலிலும் ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஆடும் அன்று சந்திரனும் கர்க்கடகத்தில்தான். எந்த வருடம் என்றாலும் இது பெரும்பாலும் மாறாது. அமாவாசை ஆடி முதல் கிழமையிலேயே வந்துவிட்டால் மட்டும் அன்று காலையில் மிதுனத்தின் கடைசிப் பாகைகளில் நிற்கக்கூடும். அதை அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டும்.

பூரணையன்று சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே, ஏழாம் ராசியில். வைகாசியில் சூரியன் இடபத்தில். எனவே வைகாசிப் பூரணைக்குப் பிறந்தவர் பெரும்பாலும் விருச்சிகம். கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசியில் நடக்கும் குளிர்த்திச் சடங்கை ஒட்டிப் பிறந்தவர்களுக்கு முதலில் நான் பார்ப்பது விருச்சிகத்தையும் அதன் இரு பக்கத்து ராசிகளையும்தான். சுனாமி அடித்த 2004 டிசம்பர் 26 மார்கழிப் பூரணை. சூரியன் தனுசில், சந்திரன் மிதுனத்தில். அன்று பிறந்த பிள்ளைகள் மிதுன ராசி.

நட்சத்திரத்தின் பெயரிலேயே வரும் விழாக்கள் இன்னும் இலகு. தைப்பூசம் கர்க்கடகம், மாசி மகமும் ஆடிப்பூரமும் சிங்கம், மார்கழித் திருவாதிரை மிதுனம். கந்தசட்டிச் சூரன்போர் நாள் ஐப்பசி வளர்பிறைச் சட்டி: சூரியன் துலாத்தில், சந்திரன் 60 பாகைக்கு மேல் முன்னே போயிருப்பார், தனுசு அல்லது மகரம். சிவராத்திரி மகரம் அல்லது கும்பம்.

தைப்பொங்கலும் சித்திரை வருடப்பிறப்பும் இதற்கு உதவாது. அவை சூரியனை வைத்து வருபவை. சந்திரன் அன்று எங்கேயும் நிற்பார். "வருடப்பிறப்பன்று பிறந்தவர்" என்றால் எந்த வருடம் என்று தெரிந்தே ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணிக்குப் பிறந்ததாக அம்மம்மா சொல்கிறா. ஆஸ்பத்திரித் துண்டில் சனி என்று இருக்கிறது.

இருவரும் ஒரே நேரத்தைத்தான் சொல்கிறார்கள். எங்கள் வழக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ஆஸ்பத்திரிக்கு நள்ளிரவு 12 மணிக்குத் திகதி மாறிவிடும். அம்மம்மாவுக்குச் சனி விடியும் வரை வெள்ளி இரவுதான்.

இதைக் கவனிக்காமல் "வெள்ளி, அதிகாலை 2 மணி" என்று கணனியில் போட்டால் ஒரு முழு நாள் பின்னால் போய்விடும். சந்திரன் 13 பாகை பிசகும். நட்சத்திரம் மாறும், அநேகருக்கு ராசியும் மாறும். நேரம் தெரியாததால் கெட்ட குறிப்புகளை விட, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் திகதி பிழைத்ததால் கெட்ட குறிப்புகளே என் கைக்கு அதிகம் வந்திருக்கின்றன. வயதானவர்கள் சொல்லும்போது "விடிஞ்சா என்ன கிழமை?" என்று ஒரு கேள்வி கூடக் கேளுங்கள்.

நான் 1999இல் பிறந்தவன். "பழைய நேரமா, புதிய நேரமா" என்று சாத்திரியார் கேட்டார். என்ன அது?

சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். இலங்கையின் நேரம் கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன். 1996 மே 25இல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி ஆறரை ஆக்கினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் குறைத்து ஆறு ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் 15இல் மறுபடியும் ஐந்தரைக்கு வந்தது. இடையில் பத்து வருடம் நாட்டின் மணிக்கூடு பழைய நேரத்துக்கு முன்னால் ஓடியது.

எங்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை; பழைய நேரமே நடந்தது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் புதிய நேரம், துறையைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போனால் பழைய நேரம். பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கத்தில் வீட்டில் மருத்துவிச்சி பார்த்துப் பிறந்த பிள்ளைக்குச் சுவர் மணிக்கூடு காட்டியது பழைய நேரமாக இருக்கலாம். அதே கிழமை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குப் புதிய நேரம். அக்காலத்துக் குறிப்புக் கொப்பி ஒன்றில் முதல் பக்கத்து மூலையில் "பழையது 5.40" என்று பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். எழுதிய தகப்பனுக்குப் புண்ணியம். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் லக்கினத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ராசிக்கு இதனால் பயப்பட வேண்டியதில்லை. சந்திரன் அரை மணித்தியாலத்தில் நகர்வது கால் பாகைதான். ராசி மாறக்கூடியது நூறில் ஒருவருக்கு. லக்கினம் நாலில் ஒருவருக்கு மாறிவிடும். தசை இருப்பும் (பிறக்கும்போது நடந்த கிரக தசையில் மிச்சமிருக்கும் காலம்) தள்ளிப் போகும். பரணியில் பிறந்தவருக்குச் சுக்கிர தசை 20 வருடம். நட்சத்திரம் ஒரு நாள் ஓடும் என்று வைத்தால், அரை மணித்தியாலப் பிழை ஐந்து மாதத்தை முன்பின் ஆக்கும்.

இன்னொன்று. நல்ல கணனி மென்பொருட்கள் இந்த நேர மாற்றத்தைத் தாமாகவே கழித்துக்கொள்கின்றன. நீங்களும் கழித்துப் போட்டால் இரண்டு தரம் கழிபடும். எதையும் கழிக்காமல் 5.30 என்றே எடுக்கும் கைபேசிச் செயலிகளும் இருக்கின்றன. பிறப்பு விபரம் போட்டதும் அது எந்த நேர வலயத்தை எடுத்தது என்று பாருங்கள்.

பேரன் கனடாவில் பிறந்தான். இலங்கை நேரத்துக்கு மாற்றிக் குறிப்பு எழுதலாமா?

ராசிக்கும் நட்சத்திரத்துக்கும் மாற்றலாம். சந்திரன் எல்லா நாட்டுக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார். ரொறன்ரோவில் கோடை காலத்தில் திங்கள் இரவு பத்து மணி என்றால் இங்கே செவ்வாய் காலை ஏழரை. எங்கள் பஞ்சாங்கத்தில் செவ்வாய் காலை ஏழரைக்கு என்ன நட்சத்திரமோ அதுதான் பிள்ளைக்கும்.

லக்கினத்துக்கு அப்படிச் செய்யவே கூடாது. அது பிறந்த ஊரின் அடிவானத்தைப் பொறுத்தது. ரொறன்ரோவின் அகலக்கோடும் நெடுங்கோடும் போட்டே கணிக்க வேண்டும்.

வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு நட்சத்திரம், திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் இன்னொன்று வருகிறது. எதை எடுப்பது?

வாக்கியம் பழைய முறை. சந்திரன் 248 நாளில் போகும் போக்கை 248 வாக்கியங்களாகக் கட்டி மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அதை வரருசி இயற்றியதாகச் சொல்வது மரபு. மணிக்கூடும் தொலைநோக்கியும் இல்லாத காலத்தில் அவ்வளவு தூரம் கணக்குப் போட்டவர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றும். ஆனாலும் சந்திரனின் நடையில் உள்ள சில நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் அதில் சேரவில்லை. திருக்கணிதம் இன்றைய வானியல் அவதானிப்போடு திருத்தப்பட்டது. அதனால் நட்சத்திரம் முடியும் நேரத்தில் சில நாட்களில் இரண்டுக்கும் மணித்தியாலக் கணக்கில் வித்தியாசம் வரும்.

வானத்தில் சந்திரன் மெய்யாக நின்ற இடம் வேண்டுமென்றால் திருக்கணிதம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் கோயில் திருவிழா, வீட்டுத் திவசம் போன்றவற்றுக்கு உங்கள் கோயிலும் குடும்பமும் எதைப் பின்பற்றி வந்ததோ அதையே பின்பற்றுங்கள். பொருத்தம் பார்க்கும்போது மட்டும் பெண்ணுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று என்று கலக்க வேண்டாம்.

விருச்சிக ராசி என்றால் கூடாத ராசியா?

கூடாத ராசி என்று ஒன்று இல்லை. விருச்சிகத்தில் சந்திரன் நீசம் (பலம் மிகக் குறைந்த இடம்), இடபத்தில் உச்சம் (பலம் மிகக் கூடிய இடம்), கர்க்கடகம் அவருக்குச் சொந்த வீடு. இது கிரகத்தின் பலத்தைச் சொல்லும் கணக்கு, ஆளின் தரத்தைச் சொல்வதில்லை. சோதிடத்தில் சந்திரன் மனத்துக்கும் தாய்க்கும் காரகன். நீசச் சந்திரன் உள்ளவர் கவலையை உள்ளே வைத்துக்கொள்வார், எளிதில் வெளியே விடமாட்டார் என்று நூல்கள் சொல்லும். ஆனால் நீசபங்கம் (நீசத்தை நீக்கும் அமைப்பு) இருக்கிறதா, வளர்பிறையா தேய்பிறையா, வியாழன் பார்வை உண்டா என்பதெல்லாம் சேர்ந்த பிறகுதான் ஒரு சொல் சொல்லலாம். ராசியை மட்டும் கேட்டுக் குணம் சொல்கிறவரிடம் குறிப்பைக் கொடுக்காதீர்கள்.

ஏழரைச் சனி தொடங்கிவிட்டது என்கிறார்கள். என்ன செய்ய?

முதலில் கணக்கு. சனி ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை வருடம், ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை. உங்கள் ராசிக்கு முந்திய ராசி, உங்கள் ராசி, அடுத்த ராசி மூன்றிலும் இருக்கும் காலம் ஏழரை வருடம். விரயச் சனி, சென்மச் சனி, பாதச் சனி என்று வரிசையாகச் சொல்வார்கள். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல் சனி மீனத்துக்கு வந்தார். வாக்கியப்படி 2026 மார்ச் 6. மீனத்தில் சனி நிற்கும்போது கும்பம், மீனம், மேடம் ஆகியவற்றுக்கு ஏழரை. சிங்கத்துக்கு அட்டமச் சனி, அதாவது எட்டாம் ராசியில் சனி.

இப்போது இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பன்னிரண்டில் மூன்று ராசிக்கு எப்போதும் ஏழரை நடந்துகொண்டே இருக்கும். அதாவது உங்கள் ஊரில் நாலில் ஒருவருக்கு இன்றைக்கும் ஏழரைச் சனி. அவர்களில் வீடு கட்டுகிறவரும் இருக்கிறார், பிள்ளையைக் கம்பசுக்கு அனுப்புகிறவரும் இருக்கிறார், மாரிப் போகத்தில் நல்ல விளைச்சல் எடுத்தவரும் இருக்கிறார். தசாபுத்தியைப் பார்க்காமல் ஏழரைச் சனியை மட்டும் வைத்துப் பயமுறுத்துவது தொழிலுக்கே அவமானம்.

புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரியுங்கள், காகத்துக்குச் சோறு வையுங்கள், முடிந்தால் ஒருவருக்குச் சாப்பாடு கொடுங்கள். எங்கள் அம்மாமார் செய்தது இவ்வளவுதான். பல்லாயிரம் ரூபாய்க்குப் பரிகாரம், கல்லு மோதிரம், விசேட யாகம் என்று யாராவது கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். நகையை அடகு வைத்துச் செய்யும் பரிகாரத்தைச் சனி பகவான் கேட்கவில்லை.

சந்திராட்டமம்?

உங்கள் ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் நிற்கும் இரண்டே கால் நாள். மேட ராசிக்காரருக்குச் சந்திரன் விருச்சிகத்தில் நிற்கும்போது. மாதம் ஒரு தடவை வரும். கிழிக்கும் கலண்டரில் அன்றன்று போட்டிருப்பார்கள். கலியாண எழுத்து, வீடு குடிபூரல், புதுத் தொழில் போன்றவற்றுக்குத் தவிர்ப்பார்கள். வைத்தியர் குறித்துத் தந்த சத்திரசிகிச்சைத் திகதியை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

கலியாணப் பொருத்தத்தில் ராசிக்கு எவ்வளவு இடம்?

எங்கள் பக்கத்தில் குறிப்பை விரிக்க முதலே ஒரு கேள்வி முடிந்திருக்க வேண்டும்: குடி, அதாவது வம்சப் பிரிவு. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரிடையே குடி தாய்வழியாக வருவது. ஒரே குடிக்குள் பிறந்தவர்கள் சகோதர முறை. இங்குள்ள முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி இருக்கிறது. பத்தும் பொருந்தினாலும் ஒரே குடி என்றால் பெரியவர்கள் எழுந்துவிடுவார்கள். வேறு மாவட்டத்துச் சாத்திரியாரிடம் குறிப்புகளை அனுப்பி "உத்தமம்" என்று பதில் வாங்கிய பிறகு இது தெரியவந்து, இரண்டு வீட்டாரும் மனம் நொந்த கதைகள் உண்டு. முதலில் குடியைக் கேளுங்கள்.

பிறகு பத்துப் பொருத்தம்: தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசியதிபதி, வசியம், ரச்சு, வேதை. இவை அத்தனையும் சந்திரன் நின்ற நட்சத்திரத்தையும் ராசியையும் மட்டுமே வைத்துப் பார்ப்பவை. ஆகவே ஒரு பக்கத்து நட்சத்திரம் பிழைத்தால் பத்தும் பிழைக்கும்.

ராசிப் பொருத்தத்தில் பெண் ராசியிலிருந்து ஆண் ராசி ஏழாவது என்றால் நல்லது. ஆறு, எட்டாக அமைந்தால் சட்டாட்டகம், தவிர்ப்பார்கள். ஆனால் மேடமும் விருச்சிகமும் அப்படி அமைந்தாலும் இரண்டுக்கும் செவ்வாயே அதிபதி. இடபத்துக்கும் துலாத்துக்கும் சுக்கிரன். அவற்றுக்கு விலக்கு உண்டு. இந்த விலக்கைச் சொல்லாமல் "எட்டு வருது, விடுங்க" என்று நல்ல சம்பந்தத்தைக் குழப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரச்சுவைத்தான் நம்மவர்கள் கடுமையாகப் பார்ப்பார்கள். பெண் ரோகிணி, மாப்பிள்ளை திருவோணம் என்றால் இருவரும் ஒரே நட்சத்திரக் கூட்டமான கண்ட ரச்சு, பொருந்தாது என்பார்கள். பத்து முடிந்த பிறகு செவ்வாய்க் குற்றம், பாவப் பொருத்தம், தசாசந்தி. இவற்றுக்கு லக்கினம் வேண்டும், அதாவது சரியான நேரம் வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்களா என்று கேளுங்கள். மனப்பொருத்தம் இருந்தால் மற்றவற்றைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்று சொன்ன பழைய சாத்திரிமார் இங்கே இருந்திருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

"பிள்ளையின் ராசி தகப்பனுக்குக் கூடாது" என்கிறார்கள். மூலத்தில் பிறந்த மகள் என்று மாமியார் வீட்டில் பேச்சு.

இதைக் கேட்க எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். பிறந்த பிள்ளை தன் ராசியைத் தெரிந்தெடுத்து வரவில்லை. ஒருவரின் ஆயுளைப் பார்க்க அவரவர் குறிப்பு இருக்கிறது. பிள்ளையின் நட்சத்திரத்தைக் காட்டித் தகப்பன் சாவுக்குப் பிள்ளையைக் குற்றவாளியாக்கச் சாத்திரத்தைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. "பெண் மூலம் நிர்மூலம்" என்ற ஒரு வரியால் கலியாணம் தள்ளிப்போய் முப்பத்தைந்து வயதாகியும் வீட்டில் இருக்கும் பிள்ளைகளை நான் அறிவேன். ஆயிலியம் மாமியாருக்கு, கேட்டை மூத்தாருக்கு, விசாகம் இளையவருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பழி வைத்திருக்கிறார்கள். பழி எல்லாம் மருமகளாக வரும் பிள்ளைக்குத்தான். அதே நட்சத்திரத்தில் பிறந்த ஆண்பிள்ளையை யாரும் கேட்பதில்லை.

யுத்தத்தில் தகப்பனை இழந்த பிள்ளைகள் இந்த மண்ணில் ஆயிரக்கணக்கில். அவர்கள் பன்னிரண்டு ராசியிலும் இருக்கிறார்கள். 2004இல் கடல் கொண்டுபோனவர்களும் பன்னிரண்டு ராசிக்காரரும்தான். மூலம் கேதுவின் நட்சத்திரம், தனுசு ராசி, அதிபதி வியாழன். படிப்பும் பக்தியும் பிடிவாதமும் உள்ள பிள்ளையாக வளரும் என்று அதே நூல்களில் எழுதியிருக்கிறது. பேச்சு எடுக்கிறவர்களுக்கு அதையும் வாசித்துக் காட்டுங்கள்.

பெயரின் முதல் எழுத்தை வைத்து ராசி பார்க்கலாமா?

நட்சத்திரத்தின் நாலு பாதத்துக்கும் நாலு எழுத்து உண்டு. அசுவினிக்கு சு, சே, சோ, லா. அதன்படி பெயர் வைத்த பிள்ளைக்கு மட்டுமே எழுத்திலிருந்து பாதத்தைப் பிடிக்கலாம். பாட்டனாரின் பெயரையோ எண் சாத்திரப் பெயரையோ வைத்திருந்தால் அந்த எழுத்துக்கும் சந்திரனுக்கும் சம்பந்தமில்லை.

விஞ்ஞானம் இதை ஏற்கிறதா?

சந்திரன் எங்கே நின்றார் என்பது வானியல்; அதை நிமிடக் கணக்கில் யாரும் சரிபார்க்கலாம். அந்த இடம் ஒருவரின் குணத்தையும் வாழ்க்கையையும் காட்டுகிறது என்பதை விஞ்ஞானம் ஏற்கவில்லை. 1985இல் 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் ஒரு பரிசோதனை வந்தது. மேல்நாட்டுச் சோதிடர்களிடம் ஆட்களின் சாதகங்களையும், குணவியல்பு அறிக்கைகளையும் கொடுத்து எது எவருடையது என்று சேர்க்கச் சொன்னார்கள். எழுந்தமானமாகச் சேர்த்தால் கிடைக்கும் அளவுக்கு மேல் அவர்களால் சரியாகச் சேர்க்க முடியவில்லை.

நான் நம்பிப் பார்க்கிறவன். என் தகப்பனாரிடம் படித்தது, அதை விடப்போவதில்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்வது என் கடமை. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி, சோதனைக்குப் படிப்பு, கடனுக்கு வரவு செலவு. இவற்றுக்குப் பதிலாக ராசியைக் கொண்டுவரும் யாரையும் நான் ஊக்கப்படுத்துவதில்லை.

கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டால், தெரியாதவர் என்ன சொல்வது?

பெயரை மட்டும் சொல்லுங்கள், ஐயர் அதற்கே சங்கற்பம் செய்வார். அதுவும் கூச்சமாக இருந்தால் "சுவாமி பேருக்குச் செய்யுங்க ஐயா" என்று தட்டைக் கொடுங்கள். எந்தக் கோயிலிலும் மறுக்கமாட்டார்கள். தெரியாததை மறைக்க வாயில் வந்த நட்சத்திரத்தைச் சொல்லிவிடாதீர்கள். வருடக்கணக்காக அப்படிச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் அதையே மெய்யென்று நம்பி, பிள்ளையின் கலியாணக் குறிப்பிலும் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.